முப்பிடாதியின் பிரஷர்

டாக்டர் செபஸ்தியானுக்கு வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊரில் கிளினிக் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே இழுத்து மூடிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஹார்மோன் வைத்தியம் படிக்க வந்தவர். அவருடைய ஆசிரியை டாக்டர் மெகருன்னிசா அவரைவிட ஏழு வயது இளையவர். இதில் செபஸ்தியானுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. தெரியாததைக் கேட்டுவிடுவார். அந்த விஷயத்தில் தங்கமான மனிதர்.

ஒருநாள் ஓ.பி.யில் கேட்டார்.

"மேடம், பிரஷர்னு வர்ற கூட்டத்துல எல்லாருக்குமா ஹார்மோன் டெஸ்ட் எழுத முடியும்? யாருக்கு எழுதணும்?"

"உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க."

"சின்ன வயசு, மூணு நாலு மாத்திரை போட்டும் இறங்காதது, ரத்தத்துல பொட்டாசியம் குறையறது, முகம் மட்டும் உப்பிப் போறது, திடீர் திடீர்னு படபடப்பும் வேர்வையும் வர்றது."

"எல்லாம் சரி" என்றார் மெகருன்னிசா. "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அடுத்த ஆள் முப்பிடாதி. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். கூடவே புருஷன் கொம்பையா, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

அவளைப் பார்த்ததுமே செபஸ்தியானுக்கு அலுப்புத் தட்டியது. "இது என் பேஷண்டுதான் மேடம். நாலு மாசமாப் பார்க்கிறேன். நாலு வகை மாத்திரை. ஒண்ணையும் ஒழுங்கா சாப்பிடறதில்ல. பின்ன எப்படி இறங்கும்?"

"அதத்தான் டாக்டர் நானும் சொல்லுதேன். சொன்னா கேக்க மாட்டேங்கா" என்றான் கொம்பையா.

முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலைவலி இருக்காம்மா?" என்று கேட்டார் மெகருன்னிசா.

"இருக்கு டாக்டர்" என்றான் கொம்பையா.

"எப்ப வரும்?"

"எப்ப வேணாலும் வரும் டாக்டர்."

"படபடப்பு?"

"அதுவும் உண்டு."

மெகருன்னிசா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிரஷர் உங்களுக்கா, அவங்களுக்கா?"

கொம்பையா அசடு வழியச் சிரித்தான்.

"கொஞ்ச நேரம் வெளியே இருங்க."

அவன் போனான். மெகருன்னிசா செபஸ்தியான் பக்கம் திரும்பினார்.

"நீங்களும்தான்."

"நானா? நான் டாக்டர் மேடம்!"

"தெரியும். போங்க."

போனார். மனசுக்குள் சுர்ரென்றிருந்தது. நாலு மாதமாகப் பார்த்துவரும் பேஷண்டு. அவரையே வெளியே போகச் சொன்னால்? வராந்தாவில் கொம்பையாவுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே மெகருன்னிசா ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து தான் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அவளிடமும் நீட்டினார்.

"வேண்டாம் டாக்டரம்மா."

"உதடு வெடிச்சுக் கிடக்கே. குடிம்மா."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வந்தா போ. இங்கேயே இருக்கு பாத்ரூம்."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "போனா செத்துப்போயிருவேன்னு இருக்கு டாக்டரம்மா. போயிட்டு எந்திரிக்கும்போது மண்டை பொளந்துரும். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும். சேலையெல்லாம் நனையுற அளவுக்கு வேர்க்கும். அதான் தண்ணியே குடிக்கதில்ல."

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"இதைப் போயி எப்படிச் சொல்ல? ஆம்பளைய முன்னாடி?"

அவளே தொடர்ந்தாள். "எங்கம்மையும் கொல்லப்பக்கம் போனவதான், திரும்பி வரல. பேய் அடிச்சுட்டுன்னாக. எனக்கும் பேயின்னு சொல்லிருவாகளோன்னு பயம்."

"மாத்திரை?"

"ஒண்ணு விடாம முழுங்குதேன் டாக்டரம்மா. யாரும் நம்ப மாட்டேங்காக."

மெகருன்னிசா செபஸ்தியானை உள்ளே கூப்பிட்டார். பிரஷர் பார்க்கச் சொன்னார். நூற்றி அறுபது. பிறகு முப்பிடாதியைத் தண்ணீர் குடிக்க வைத்துக் காத்திருந்தார். பாத்ரூமுக்குள் தானே கூடப் போனார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததும், "இப்பப் பாருங்க" என்றார்.

செபஸ்தியான் பார்த்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றை எடுத்துவந்து பார்த்தார். இருநூற்று ஐம்பதைத் தாண்டி நின்றது. முப்பிடாதியின் முகம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. மெகருன்னிசா ஊசி போட்டு அவளைப் படுக்க வைத்தார். மெல்ல மெல்ல இறங்கியது.

"நாலு மாசமாப் பார்த்தேனே மேடம், ஒரு தடவைகூட இப்படி ஏறலையே!"

"நாற்காலியில உட்கார வெச்சுத்தானே பார்த்தீங்க."

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மற்றதைச் சொல்லின. மூத்திரப்பையின் சுவரில் நெல்லிக்காயளவு கட்டி. பை சுருங்கும்போதெல்லாம் அது அமுங்கி, ரத்தத்தில் ஹார்மோனைக் கொட்டுகிறது. அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவாள். ஆனால் உடனே அறுக்க முடியாது. அந்த ஹார்மோனின் வேகத்தை மாத்திரையால் அடக்கிவிட்டுத்தான் மயக்க மருந்தே கொடுக்க வேண்டும். அதுவரை மூத்திரம் இறங்கக் குழாய் போடலாமென்றால், குழாய் இடிக்கிற இடத்தில் இருக்கிறது கட்டி. ஆகவே வார்டில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

செபஸ்தியானுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த மாதிரிக் கட்டியைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே இரண்டொருவர்தான். சந்தோஷம் மட்டுமில்லை, குற்ற உணர்ச்சியும் இருந்தது. நாலு மாதமாக அவளைப் பொய்க்காரி என்று நினைத்தோமே என்று மனிதர் உருகிப்போனார். முப்பிடாதியின் கட்டில் பக்கத்தில் நின்று அவரே சொன்னார்.

"இந்தா பாரும்மா. பாத்ரூம் போகணும்னா முதல்லயே சொல்லிரணும். நான் மருந்தோட வந்து வாசல்ல நிப்பேன். ஏறினா உடனே ஊசி. தனியா மட்டும் போயிராதே, என்ன?"

அவள் தலையாட்டினாள்.

"நான் பார்த்துக்கறேனே டாக்டர்" என்றார் வார்டு சிஸ்டர்.

"வேண்டாம் சிஸ்டர். இது நான் பார்க்க வேண்டிய கேஸ்."

சொன்னபடி பார்த்தார். அதில் குறையே சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். வார்டு வாசலிலிருந்தே, "முப்பிடாதி, போகணுமா?" என்று சத்தமாகக் கேட்பார். இருபது கட்டிலும் திரும்பிப் பார்க்கும். அவள் எழுந்து நடப்பாள். பின்னாலேயே ஊசித்தட்டோடு செபஸ்தியான். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்காதீர்கள், எந்தக் காலத்திலும் இப்படித்தான்.

இரண்டு நாள் சொன்னாள். அப்புறம் கேட்டபோதெல்லாம் "இல்ல டாக்டர்" என்றாள். மறுபடியும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். வயிறு கனக்கக் கனக்க அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம். கொம்பையாவின் அண்ணன், சித்தப்பா, கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். செபஸ்தியான் வார்டு வாசலில் நின்று இளம் டாக்டர்கள் நாலைந்து பேருக்கு இந்தக் கேஸைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். முப்பிடாதி எழுந்தாள். "கை கழுவிட்டு வாரேன்" என்று புருஷனிடம் சொன்னாள். பின்பக்க வழியாகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடினார்கள். கதவை உடைத்தார்கள். செபஸ்தியான் ஈரத்தரையிலேயே மண்டியிட்டு நெஞ்சை அமுக்கினார். சிஸ்டர் ஊசி மேல் ஊசியாக எடுத்துக் கொடுத்தார். "போதும் டாக்டர்" என்று சிஸ்டர் தோளைத் தொட்டபிறகும் செபஸ்தியான் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

பாவி மகள், இன்னும் மூன்று நாள் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பாள்.

கொம்பையா அழவில்லை. எதிரில் வந்த டாக்டர் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "இந்தத் தடவை ஒழுங்கா மாத்திரை தின்னா டாக்டர். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். ஒண்ணுகூட விடல டாக்டர்."

மெகருன்னிசா வந்து அவளைப் பார்த்தார். விலகிக் கிடந்த சேலையைக் கால்வரை இழுத்துவிட்டார். பிறகு வராந்தாவுக்கு வந்தார். செபஸ்தியான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். அவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"கண்டுபிடிச்சுட்டோமே மேடம். எல்லாம் கண்டுபிடிச்சுட்டோமே."

மெகருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டுப் போ, சொல்லிட்டுப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. ஏன் சொல்லல?"

"யார்கிட்ட?" என்று கேட்டார் மெகருன்னிசா.

'என்கிட்ட' என்று சொல்ல வாயெடுத்தார் செபஸ்தியான். சொல்லவில்லை.