சுவருக்கு ஜாமீன்

வைத்தியலிங்கம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். வருகிறவர் முகத்தைப் பார்த்தே, இவர் கட்டுவாரா, கம்பி நீட்டுவாரா என்று சொல்லிவிடுவார். ஓய்வுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, சுவர் ஓவியம் கற்றுக்கொள்ள லூர்துமேரியிடம் வந்து சேர்ந்தார். லூர்துமேரி அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை 'மாஸ்டர்' என்பார். அவர் இவரை 'சார்' என்பார். கைக்குத் தூரிகை பழகிவிட்டது. கண்ணில் இருந்த சந்தேகம்தான் போவேனா என்றது.

கால்வாய்க்கரைக் குடியிருப்புக்குப் பின்னால் திறந்தவெளி உடற்பயிற்சிக்கூடம் ஒன்று வந்திருந்தது. கை இழுக்கும் மெஷின், நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின், எல்லாம் மஞ்சளும் நீலமுமாக நின்றன. அவற்றின் மேல் பெண்கள் புடவை காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் நீளமான சுவர். அது ஒரு வரிசை வீடுகளின் பின்பக்கம். அங்கே இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையையே அதில் வரைய வேண்டும் என்று லூர்துமேரிக்கு வேலை வந்தது.

"இது உங்க சுவர் சார்," என்றார் அவர்.

முதல் சுவர். வைத்தியலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வரைவது என்று யோசிப்பதற்கு முன்பே, வலது மூலையில் தன் பெயரை எப்படிச் சுழித்து எழுதுவது என்று வீட்டில் உட்கார்ந்து பழகினார்.

பிறகு வீடு வீடாகப் போனார்.

"உங்க சுவர்ல என்ன வரையலாம்?"

"எது வேணா வரை சார்."

"உங்களுக்குப் பிடிச்சது எது?"

"கிளி வரை. மயிலு வரை. நல்லாருக்கும்."

எல்லா வீட்டிலும் கிளி, எல்லா வீட்டிலும் மயில். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "இருக்கோம் சார்" என்றார்கள். என்ன வேலை என்று கேட்டால், "கெடைக்கிற வேல" என்றார்கள். சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏதோ மறைக்கிறாங்க மாஸ்டர்."

"இருக்கும்."

"எதை?"

"நீங்க கேட்டதை," என்றார் லூர்துமேரி.

சின்னக் காகிதத்தில் வரைந்த படத்தைப் பெரிய சுவருக்கு ஏற்ற வேண்டுமென்றால், சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் போட்டுக்கொள்வார்கள். வைத்தியலிங்கமும் சிவப்பு சாக்பீஸால் அப்படியே போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால், ஒரு எண்கூட இல்லை. யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

மறுபடி போட்டார். மறுபடி காணோம்.

கேரம் ஆடும் பையன்கள்மேல் முதலில் சந்தேகம் வந்தது. அப்புறம், இதே சுவரில் இதுவரை கட்சி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர்மேல். அவர் பாவம், சுவரைப் பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டியதால் சந்தேகம் கூடியது.

கடைசியில் இன்னொரு முறை எண் போட்டுவிட்டு, மறுநாள் விடிகிற நேரத்துக்கே வந்து, காயும் புடவைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒரு பெண் வாளியோடு வந்தாள். துணியை நனைத்தாள். துடைக்க ஆரம்பித்தாள்.

"யாரும்மா அது?"

அவள் ஓடவில்லை. துணியைப் பிழிந்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"தேசம்மா. இது என் வூட்டு செவுரு."

"அழிக்காதம்மா. அது படம் வரையறதுக்குப் போட்ட நம்பர்."

"அவங்களும் இன்னான்னமோ சொன்னாங்கோ."

"யாரு?"

"முன்ன ஆத்தோரமா இருந்தோம் சார். உன்ன மாதிரியே சிரிச்சிக்கினு வந்தாங்கோ. வூட்ல எத்தினி பேரு, இன்னா வேலன்னு கேட்டாங்கோ. ஒங்க நல்லதுக்குத்தான்னாங்கோ. அப்பால செவப்புல நம்பர் போட்டாங்கோ. அதுக்கு அப்பால புல்டோசர் வந்துச்சு."

"இது வேறம்மா. இது உங்களுக்காக வந்த ஜிம். உங்களுக்காகப் போடற படம்."

"ஜிம்மு வோணும்னு நாங்க கேட்டமா? நாளெல்லாம் மீன்கூட தூக்கறவளுக்குக் கை இழுக்கற மெஷினு இன்னாத்துக்கு? வேற யாரோ வரப்போறாங்கோ. அவங்களுக்குத்தான் எடத்த அழகு பண்றீங்கோ."

வைத்தியலிங்கம் புடவைகளை விலக்கிக்கொண்டு அவள் எதிரே வந்தார்.

"என்னை நம்பும்மா," என்றார்.

"ஏன்?" என்று கேட்டாள் தேசம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர் நேராக லூர்துமேரியிடம் போனார்.

"நம்பரைப் பார்த்துட்டு, வீட்டை இடிக்க வந்திருக்கோம்னு தேசம்மா நினைக்கிறாங்க மாஸ்டர். என்னை நம்புங்கன்னா, ஏன்னு கேக்கறாங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க. இப்படியே போனா என் சுவர் போச்சு."

லூர்துமேரி அவர் கையில் இருந்த சிவப்பு சாக்பீஸை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க வீடு எந்தத் தெரு சார்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன ஹேமலதா, வைத்தியலிங்கத்தின் மனைவி, வாசலோடு திரும்பி வந்தாள்.

"என்னங்க, நம்ம காம்பவுண்டு சுவத்துல எவனோ நம்பர் போட்டிருக்கான்."

போய்ப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் பெரிதாக ஓர் எண். வேறொன்றும் இல்லை. அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களோ என்னமோ."

"மெட்ரோவா இருக்கும் சார்."

"உங்க வீட்ல மட்டும்தான் போட்டிருக்கு," என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை வைத்தியலிங்கம் கவனித்தார்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் பயம் அதிகமானது. நிஜமாகத் தெரியாதா, தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறார்களா? உள்ளே போய் வாளியில் தண்ணீரும் பழைய துண்டும் எடுத்து வந்தார்.

"துடைச்சா சரியாப் போயிடுமாங்க?" என்று கேட்டாள் ஹேமலதா.

சரியாகாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் துடைத்தார். எண் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கால்வாய்க்கரைச் சுவருக்கு வந்து சேர்ந்தபோது லூர்துமேரி ஏணியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிவப்புப் பொடி.

"துடைச்சிட்டீங்களா சார்?"

வைத்தியலிங்கத்துக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. கோபம் தலைக்கேறியது.

"என்ன மாஸ்டர் விளையாட்டு இது? என் பொண்டாட்டி இன்னும் ஒரு வாய் சாப்பிடல."

"பயப்பட வேணாம்னு சொல்லுங்க. படம் வரையறதுக்குத்தான் போட்டேன்."

வைத்தியலிங்கம் சுவரில் தான் போட்ட கட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பேங்க்ல ஒருத்தர் வந்து, என்னை நம்புங்கன்னு சொன்னா என்ன கேப்பீங்க?"

"ஜாமீன் கேப்பேன்."

"தேசம்மா ஏன்னு கேட்டாங்களே. நீங்க என்ன குடுத்தீங்க?"

அவர் ஈரத்துணியை எடுத்து, சுவரில் மிச்சமிருந்த கட்டங்களைத் தானே துடைத்தார். சத்தம் கேட்டுத் தேசம்மா வந்துவிட்டாள். அவர் துடைப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் குறையவில்லை, ஏறியது.

"இப்ப இன்னாத்துக்கு நீயே தொடைக்கற?"

"கட்டம் இல்லாம வரையப் போறேம்மா."

"கோணலா வருமே."

"வரும்." முதல் சுவர் கோணலாக வரப்போகிறது என்று நினைத்தபோது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. "கிளி, மயில் வேண்டாம். என்ன வரையட்டும்? சொல்லுங்க."

தேசம்மா அவரைப் பார்த்தாள். லூர்துமேரியைப் பார்த்தாள். தெருக்கோடி வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மீட்டர் பொட்டி வரை."

"என்னது?"

"என் வூட்டு கரண்டு மீட்டரு. அதுல இருக்கற நம்பரு ரோட்ல போறவனுக்குத் தெரியணும். இங்க ஆளுங்க குடும்பமா இருக்காங்கோ, பில்லு கட்றாங்கோன்னு தெரியணும்."

அப்படியே வரைந்தார். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் அந்த வீட்டின் முன்பக்கம் வந்தது. கதவு, கோலம், கவிழ்த்து வைத்த மீன்கூடை, கதவுக்கு மேல் மீட்டர் பெட்டி, அதில் எண். கதவுகள் கொஞ்சம் கோணல்தான். ஒருவரைப் பார்த்து ஒருவராக மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்காமலே சொன்னார்கள், தங்கள் மீட்டர் எண்ணைத் தெளிவாகப் போடச் சொன்னார்கள்.

தேசம்மா மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் முன்பக்கம் போய் மீட்டரைப் பார்ப்பாள். திரும்பி வந்து சுவரைப் பார்ப்பாள். "இந்த ஒண்ணு ஏழு மாதிரி இருக்கு" என்று ஒருநாள் அழிக்க வைத்தாள்.

வேலை முடிந்தது. வைத்தியலிங்கம் தள்ளி நின்று சுவரைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"தேசம்மா இன்னும் என்னை நம்பல மாஸ்டர்."

"ஆமா."

"ஒருவேளை அவங்க சொல்றதுதான் உண்மையோ? வேற யாருக்கோதான் இந்த இடத்தை அழகு பண்றோமோ?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு சார்."

"புல்டோசர் வந்தா இந்தப் படம் தடுக்குமா?"

"தடுக்காது."

"பின்னே எதுக்கு வரைஞ்சோம்?"

லூர்துமேரி சின்னத் தூரிகையைச் சிவப்பு எனாமலில் தோய்த்து அவரிடம் நீட்டினார்.

"வலது மூலையில இடம் விட்டு வெச்சிருக்கீங்களே. பேரை எழுதுங்க."

வைத்தியலிங்கம் குனிந்து எழுதினார். வீட்டில் பழகியபடியே சுழித்து எழுதினார். அழகாக வந்திருந்தது. தூரிகையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

லூர்துமேரி வாங்கிக்கொள்ளவில்லை.

"ஜாமீன்தாரர் வெறும் பேரை எழுதிட்டுப் போனா உங்க பேங்க்ல விடுவீங்களா? கதவு நம்பர், தெரு, எல்லாத்தையும் எழுதுங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா, எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு இவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

வைத்தியலிங்கம் தூரிகையோடு நின்றார். எண்ணைச் சரிபார்க்க, தேசம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.