பதினொரு மதகுகள்

ஏரி முழுக்கப் பனி. கரையோரம் மூன்று பரிசல்கள் ஒன்றுபோல் மிதந்தன.

மாசிலாமணி ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் சாப்பாட்டுத் தூக்குமாக வந்தார். ஏரி மதகை மோட்டாரால் மூடவும் திறக்கவும் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியவர் அவர்தான். நிரல் சொல்லிக்கொடுக்கும் குரு பூங்கோதை கரையில் நின்றிருந்தாள்; அவரைவிடப் பதினாறு வயது இளையவள்.

"மூடு என்றால் மதகு மூடுகிறது, அம்மா. மூடிவிட்டாயா என்று கேட்டால், திறந்திருக்கிறேன் என்கிறது. உடனே மோட்டார் மறுபடி இழுக்கிறது. மதகின் சங்கிலியில் இரண்டு கண்ணி விரிசல் கண்டுவிட்டது."

"சங்கிலி அறுந்தால்?"

"மதகைத் திறக்க முடியாது. மழைக்குக் கரை தாங்காது. கீழே ஐம்பத்தெட்டு வீடு. ஒன்று என்னுடையது."

"வேறு யாரிடமாவது கேட்டீர்களா?"

"ஏழு பேரிடம். நீங்கள் எட்டாவது."

"தூக்கைப் பரிசலில் வையுங்கள்."

வைத்தார். குரு பக்கத்துப் பரிசலை அவிழ்த்து, அவரையும் ஏறச் சொன்னாள். நான்கு துடுப்பு போட்டதும் கரை மறைந்தது. மேலும் கீழும் ஒரே வெண்மை.

"பசிக்கிறது. தூக்கை எடுங்கள்."

"அது அந்தப் பரிசலில் அல்லவா இருக்கிறது?"

"இதுவும் பரிசல்தானே."

"இது வேறு, அம்மா."

"ஏரிக்கு எத்தனை மதகு?"

"ஒன்று."

"உங்கள் நிரலில்?"

மாசிலாமணி மடியில் கணினியைத் திறந்தார். 'மதகு' என்று எழுதி அடைப்புக்குறி போட்ட இடத்திலெல்லாம் நிரல் புதிதாக ஒரு மதகை உண்டாக்கும். புது மதகு எப்போதும் திறந்தே பிறக்கும். விரலால் தொட்டு எண்ணினார். பதினொன்று. ஒன்றிடம் மூடச் சொல்லிவிட்டு, அப்போதுதான் பிறந்த இன்னொன்றிடம் மூடினாயா என்று கேட்டிருந்தார்.

பத்தை அழித்தார். மிஞ்சிய ஒன்றுக்குப் பெயரிட்டார். சொல்வதையும் கேட்பதையும் அந்தப் பெயரிடமே வைத்துக்கொண்டு நிரலை ஓட்டினார்.

பனிக்கு அப்பால் மோட்டார் உறுமியது. நின்றது. அவர் நூறு வரை எண்ணினார். மறுபடி உறுமவில்லை.

கரை தெரிந்தபோது கேட்டார்: "அந்த ஏழு பேருக்கும் இது ஏன் தெரியாமல் போயிற்று, அம்மா?"

"என்ன சொன்னார்கள்?"

"ஏழு பேரும் ஒன்றேதான் சொன்னார்கள். விட்டுவிட்டுப் போங்கள், படித்துவைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று."

"மறுநாள் யாரிடம் போனீர்கள்?"

மாசிலாமணி தூக்கை எடுக்கக் குனிந்தார். "அடுத்தவரிடம்" என்றார், நிமிராமலே.