காகம் எண்ணிய கொட்டைகள்

ஒரு காட்டில் ஓடை வளைந்து ஓடும் இடத்தில் எறும்புகளின் தானியக் கிடங்கு இருந்தது, குழந்தைகளே. மழைக்காலம் நெருங்கியது. நாற்பத்தேழு தானியப் பொட்டலங்களையும் வெள்ளம் வருவதற்குள் மேட்டுப் பாறைக்கு ஏற்ற வேண்டும்.

சுமப்பவருக்குக் கொடுக்க எறும்புகளிடம் முப்பத்து நான்கு இலந்தைப் பழங்களே இருந்தன. வேலை கேட்டு அணிலும் ஆமையும் வந்தன. எறும்புத் தலைவி இருவரையும் ஒரு நாழிகை சுமக்கவிட்டு, கணக்கைக் காகத்திடம் ஒப்படைத்தாள்.

கிடங்கிலிருந்து என்ன குறைகிறது என்று மட்டும் எண்ணுவதே எறும்புகளின் வழக்கம். ஆகவே, துப்பிய பழக்கொட்டைகளைக் காகம் எண்ணியது.

"அணில் மூன்று, ஆமை ஒன்று! ஆமைதான் சிக்கனம்!" என்று கத்தியது.

"நான் சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கிவிடுவேன் அக்கா. தூக்கத்தில் யாராவது தின்பார்களா?" என்றது அணில்.

"தீனிப்பண்டாரம் பேசுவதைப் பார்!" என்றது காகம்.

"நான் கொஞ்சமாகத்தான் தின்பேன். ஆனால் மெதுவாகத்தான்..." என்று ஆமை தொடங்கியது.

"அடக்கம் பார்த்தீர்களா!" என்று காகம் குறுக்கே பாய்ந்தது.

தலைவிக்குத் தலை சுற்றியது. ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதே சரியாகப்பட்டது. கடைசியில், மூன்றைவிட ஒன்று சின்னது என்பது மட்டுமே அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆமையையே அமர்த்தினாள்.

மறுநாள் விடியலில் ஆமை புறப்பட்டபோது நாற்பது பொட்டலங்களும் முப்பது பழங்களும் மீதி இருந்தன. நாழிகைக்கு ஒரு பழம் தின்றது. நாழிகைக்கு ஒரு பொட்டலம் ஏற்றியது. பதினாறாவது நாழிகையில் இடி இடித்தது.

தலைவி கிடங்குக்கு ஓடினாள். பொட்டலங்கள் இருபத்து நான்கு மீதி; பழங்கள் பதினான்குதான்.

"குறைவாகத் தின்பவர்தானே சுமக்கிறார்? பிறகு எப்படிப் பழம் போதாமல் போகும்?" என்று குழம்பினாள்.

"ஒரு பொட்டலத்துக்கு ஒரு பழம் ஆகிறதே அக்கா. நேற்றே சொல்ல வந்தேன்," என்றது ஆமை.

தலைவி மரத்தடிக்கு ஓடி அணிலை எழுப்பினாள். "தம்பி, நேற்று அந்த மூன்று பழத்துக்கு எத்தனை பொட்டலம் சுமந்தாய்?"

"ஆறு அக்கா. யாரும் கேட்கவே இல்லையே!"

"ஐயோ, ஒரு பழத்துக்கு இரண்டு! ஓடு தம்பி, ஓடு!"

அணில் பறந்தது. இரண்டு நாழிகையில் பன்னிரண்டு பொட்டலங்களை ஏற்றிவிட்டது. அடுத்ததை எடுக்கத் திரும்பியபோது, கிடங்கு இருந்த இடத்தில் வெள்ளம் செந்நீராய்ச் சுழன்றுகொண்டிருந்தது.

பன்னிரண்டு பொட்டலங்கள் ஓடையோடு போயின. அணிலுக்குக் கொடுக்கத் தலைவி மேலே கொண்டுபோனதில் மிச்சம் பிடித்த எட்டுப் பழங்கள் மட்டும் பாறைமேல் பத்திரமாக இருந்தன.

நீதி: செலவை மட்டும் அளந்து சிக்கனம் என்று சொல்லாதே, அந்தச் செலவில் முடிந்த வேலையையும் சேர்த்து அள.