சின்னக் கோடு போட்டால் பழைய இடம் வருவது ஏன்

அந்தக் காலத்தில், கணினிக்குள் இருந்த சீவராசிகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் நின்றது. தலைகீழ் மரம். வேர் உச்சியில் இருக்கும், கிளைகள் எல்லாம் கீழ்நோக்கிப் போகும். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நட்டவனைப் போய்க் கேளுங்கள்.

இன்றைக்கு நீங்கள் மவுஸை நகர்த்தி, மஞ்சள் படத்தைத் தட்டி, கோப்புறையைத் திறந்து சொகுசாகப் போய் வருகிறீர்கள். அப்போது படமாவது மவுஸாவது! கறுப்புத் திரையில் எழுத்தால் சொன்னால்தான் எதுவும் நடக்கும். அந்தத் திரை இன்றும் இருக்கிறது. கணினி வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கேட்டால் திறந்து காட்டுவார்கள்.

அந்த மரத்துக்குள் ஒரே இருட்டு. இலை நெருக்கத்தில் பறவைகளால் பறக்கவும் முடியாது. கிளைக்குக் கிளை அறைகள் இருந்தன, ஒவ்வோர் அறையின் வாசலிலும் அதன் பெயர் எழுதியிருந்தது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டுமானால் நத்தையைத்தான் கூப்பிட வேண்டும். அதன் ஓட்டைத் தட்டி, “சிடி” என்று சொல்ல வேண்டும். இடம் மாற்று என்பதற்கு அந்த மரத்தின் பாஷையில் அதுதான் வார்த்தை. அதோடு போகவேண்டிய அறையின் பெயரையும் சொன்னால், நத்தை முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடும்.

நத்தை என்றதும் ஊர்ந்து ஊர்ந்து போகும் என்று நினைத்துவிட்டீர்களா? அது வெளியில் திரிகிற நத்தை. இந்த நத்தை கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரும் அதை ஓட்டக்கா என்று கூப்பிட்டார்கள்.

ஓட்டக்கா நல்லவள்தான், ஆனால் சிடுமூஞ்சி. சரியான இடத்தில் இறக்கிவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். “வந்தாச்சு, இறங்கு” என்றுகூடச் சொல்லமாட்டாள். தப்பு நடந்தால் மட்டும்தான் வாய் திறப்பாள். அப்போதும் “அப்படி ஓர் இடம் இல்லை” என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வாள். திரும்பிப் பார்க்கிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது. யாரை எங்கிருந்து ஏற்றினோம் என்பதை இறக்கிவிட்ட மறுநிமிடமே மறந்துவிடுவாள். “இத்தனை பேர் வீட்டையும் மண்டையில ஏத்திக்கிட்டு நான் எப்படி நடக்கிறது?” என்பாள். அதுவும் நியாயம்தானே.

அந்த மரத்தில் பேச்சி என்று ஒரு தையல்சிட்டு இருந்தாள். தென்கிளையில் பிறந்து வளர்ந்தவள். தென்கிளைக்காரர்கள் எல்லாரும் வாய்க்கு வாய் பாசமாகப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் நாக்கில் ழகரம் மட்டும் ஏறாது. மழையை மளை என்பார்கள், பழத்தைப் பளம் என்பார்கள். பேச்சியைக் கட்டியவன் வடகிளைக்காரன். இலையைத் தைத்து அவன் கட்டிய வீடு இருந்த அறையின் பெயர் தாழங்கொழுந்து. பாருங்கள் விதியை, ஒன்றுக்கு இரண்டு ழகரம்!

அவன் இருந்தவரைக்கும் அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. ஓட்டைத் தட்டுவதும் அவன்தான், பெயர் சொல்வதும் அவன்தான். பேச்சி பின்னால் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே வருவாள். முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வெளியே போனவனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழுது முடிப்பதற்குள் முட்டை பொரிந்துவிட்டது. ஒரே ஒரு குஞ்சு. உடம்பில் ஒரு இறகு கிடையாது, கண்ணும் திறக்கவில்லை, வாய் மட்டும் உடம்பை விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் குஞ்சுக்கு இரை தேடப் பேச்சி முதன்முதலாகத் தனியே கிளம்பினாள். வாசலில் நின்ற நத்தையின் ஓட்டைத் தட்டினாள்.

“யக்கா, சிடி. தினைவயல்.”

தினைவயலில் ழகரம் இல்லை. நத்தை கொண்டுபோய் இறக்கிவிட்டது. இறங்கும்போது பேச்சி வழக்கம்போல, “போயிட்டு வாரேன்க்கா” என்றாள். எந்த வீட்டை விட்டு இறங்கினாலும், எந்த வண்டியை விட்டு இறங்கினாலும் நாம் சொல்வதுதானே. நத்தை யாருக்கும் பதில் சொல்லாது. அன்று என்னவோ, புருசனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு இரை தேட வந்தவளைப் பார்க்க அதற்கே மனசு கேட்கவில்லை. “ம், போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு அங்கேயே ஓரமாகப் படுத்துவிட்டது.

பேச்சி தினைவயலில் புழு பொறுக்கினாள், பூச்சி பிடித்தாள். சாயங்காலம் ஆவதற்குள்ளேயே வானம் கறுத்துவிட்டது. காலையிலிருந்தே மூட்டமாக இருந்ததால், மழைக்குப் பயந்து எல்லாரும் அவரவர் அறையில் முடங்கிக் கிடந்தார்கள். அன்று முழுக்க நத்தையை வேறு யாரும் கூப்பிடவில்லை. குளிர்காற்று அடித்தது. இறகு முளைக்காத குஞ்சு நனைந்தால் என்ன ஆகும் என்று தாய்க்குத் தெரியாதா? பேச்சி வாய் நிறையப் பூச்சியோடு ஓடிவந்து ஓட்டைத் தட்டினாள்.

“யக்கா, சீக்கிரம். சிடி. தாளங்கொளுந்து!”

“அப்படி ஓர் இடம் இல்லை” என்றது நத்தை.

வாயில் பூச்சி இருப்பதால் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று பேச்சி பூச்சியைக் கீழே வைத்தாள். மறுபடி சொன்னாள்.

“தாளங்கொளுந்து!”

“அப்படி ஓர் இடம் இல்லை.”

சத்தமாகச் சொன்னாள். அதே பதில். கத்திச் சொன்னாள். அதே பதில். அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் திடீரென்று சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. நாமும் அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து அதைத்தானே செய்கிறோம்?

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்தது.

“தாயி, அழாதே. நான் சொல்ற மாதிரி சொல்லு. நாக்கை உள்ள மடி. மேல ஒட்டாதே. ழ… ழ…”

“ள… ள…”

“ஒட்டாதேங்கிறேன்ல! மடிச்ச நாக்கை அப்படியே அந்தரத்தில விடு. ழ.”

“யா…”

“போச்சு போ! ழவை ளன்னு சொல்ற ஊரைத் தாண்டி, யன்னு சொல்ற ஊருக்குப் போயிட்ட.”

வேறு சமயமாக இருந்தால் பேச்சியே சிரித்திருப்பாள். இப்போது அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. தூரத்தில் இடி இடித்தது.

“யக்கா, உமக்குத் தெரியாதாக்கா? நான் எந்த வீட்டைச் சொல்லுதேன்னு ஊகிச்சுக்கிடக் கூடாதா? ஓர் எளுத்துத்தானே மாறுது. பெத்த வயிறு பத்தி எரியுதுக்கா.”

“ஊகிக்க மாட்டேன்” என்றது நத்தை. குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. “ஒருதடவை ஊகிச்சேன். இந்த அணில் வாய் நிறையப் பருப்பை அடக்கிக்கிட்டு, தன் சேமிப்பை எல்லாம் பாலறையில கொண்டுபோய் வைக்கச் சொன்னான். எனக்குப் பாழறைன்னு கேட்டுச்சு. சரியாக் கேட்கல, அதுவாத்தான் இருக்கும்னு நானா முடிவு பண்ணிக் கொண்டுபோய்க் கொட்டிட்டேன். பாழறையில விழுந்தது எதுவாவது திரும்பி வந்திருக்கா? அந்த வருஷம் இவன் பிள்ளைகள் பட்டினி கிடந்ததை நான் பார்த்தேன். அன்னைக்கே சத்தியம் பண்ணிட்டேன். சொன்னது சொன்னபடிதான். இந்த மரத்தில ழ வச்ச அறை எத்தனையோ இருக்கு. உன்னைத் தப்பான இடத்தில இறக்கிவிட்டா, மழையில நீயும் தொலைஞ்சு போவே. அதுக்கு இதே மேல்.”

அணில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டது. “அக்கா சொல்றது வாஸ்தவம்தான் தாயி” என்று முணுமுணுத்தது. பிறகு, “நான் வேணும்னா உனக்காகப் பேர் சொல்றேன். ஆனா நீ சொல்றது எந்த ழ, எந்த ளன்னு எனக்கும் தெரியலையே. தாழையா, தாளா? கொழுந்தா, கொளுந்தா? மாத்திச் சொன்னா வேற அறையில போய் இறங்கிடுவே. நான் உன் வீட்டுக்கு வந்ததே இல்லையே” என்று கையைப் பிசைந்தது.

பேச்சி நத்தையின் காலில் விழவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

“அப்போ காலையில எதுக்குக்கா என்கிட்ட அப்படிச் சொன்னீரு?”

“என்ன சொன்னேன்?”

“நான் போயிட்டு வாரேன்னு சொன்னேன்லா? நீரு என்ன சொன்னீரு? ‘போயிட்டு வா’ன்னு சொன்னீரா இல்லையா? சொன்னது சொன்னபடின்னு பெருமை பேசுதீரே, போன்னு மட்டும் சொல்லியிருக்கணும்! வான்னு சொன்னா வர வழி விடணும். வழி இல்லாதவளை வான்னு சொல்லுததுக்கு உமக்கு எப்படி மனசு வந்துச்சு?”

நத்தை வார்த்தைக்குக் கட்டுப்பட்ட பிறவி. அடுத்தவர் வார்த்தைக்கே அத்தனை கட்டுப்படுகிறவள், தன் வாயால் சொன்ன வார்த்தையை எப்படித் தள்ளுவாள்? போ என்றது ஒரு வார்த்தை, வா என்றது ஒரு வார்த்தை. போ நடந்துவிட்டது. வா இன்னும் நடக்கவில்லை.

“வான்னுதான் சொன்னேன்” என்றது மெல்ல. “ஆனா எங்கேன்னு தெரியாம எப்படித் தாயி கூட்டிப் போறது?”

அப்படிச் சொன்னபடியே, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. தலையை வளைத்து, உடம்பை வளைத்து, தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தது.

அங்கே ஒரு கோடு இருந்தது. மெல்லிய, பளபளப்பான ஒரு கோடு. நத்தை போன இடமெல்லாம் அதன் உடம்பு அப்படி ஒரு கோடு போடும். அடுத்த சவாரி போகும்போது பழைய கோடு தன்னாலே காய்ந்து உதிர்ந்துவிடும். அன்று பேச்சியைத் தவிர யாரையும் ஏற்றவில்லை அல்லவா? காலையில் போட்ட கோடு அழியாமல், தினைவயலின் விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் நீண்டு கிடந்தது.

“இது யார் போட்டது?” என்று நத்தை கேட்டது.

“அடக் கடவுளே, நீதான் அக்கா போட்டே!” என்று அணில் தலையில் அடித்துக்கொண்டது. “இத்தனை வருஷமா போட்டுக்கிட்டுத்தானே இருக்கே. திரும்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்!”

முதல் மழைத்துளி கோட்டின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் கோடு கரைந்தது.

“ஏறு தாயி” என்றது நத்தை. “பேர் வேண்டாம். இது ஊகம் இல்லை, நான் வந்த வழி.”

பேச்சி பூச்சிகளை வாயில் கவ்விக்கொண்டு தாவி ஏறினாள். நத்தை கோட்டின் மேலேயே ஓடியது. கண் இமைப்பதற்குள் போய்ச் சேருகிற நத்தைக்கு அன்று அப்படிப் போகத் தெரியவில்லை. பெயர் தெரிந்தால்தான் அந்த வேகம் வரும். கோட்டைத் தடவித் தடவித்தான் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் மழை இலைகளைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. ஓரிடத்தில் கோடு அறுந்துபோயிருந்தது. நத்தை நின்று, கொம்பு இரண்டையும் நீட்டித் துழாவி, மறுமுனையைக் கண்டுபிடித்து மறுபடி ஓடியது. பேச்சி வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பூச்சி விழுந்துவிடும்.

கோடு ஓர் இலையின் அடியில் போய் முடிந்தது. நத்தை நின்றது.

சுற்றிலும் ஒரே கறுப்பு. எல்லா இலையும் ஒரே மாதிரி, எல்லா அறையும் ஒரே மாதிரி. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பேச்சி இறங்கவே பயந்து ஓட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது அவள் வீடு இல்லை என்றால் குஞ்சு வேறெங்கோ விறைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். இது அவள் வீடுதான் என்றால், ஏன் சத்தம் இல்லை? இரண்டில் எதை நினைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது.

அந்த நடுக்கம் ஓட்டின் வழியாக நத்தைக்குத் தெரிந்தது. கொண்டுவந்து சேர்த்த இடத்தில் என்றைக்கும் வாய் திறக்காதவள், அன்று தலையை நீட்டி அறையின் வாசலில் எழுதியிருந்ததைத் தடவிப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்.

“தாழங்கொழுந்து.”

புருசன் போனபிறகு பேச்சி அந்தப் பெயரைச் சரியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் சொல்வதுபோலவே இருந்தது.

வாசலில் குரல் கேட்டதும் உள்ளே ஏதோ அசைந்தது. இலைக்குள்ளிருந்து பெரிய வாய் ஒன்று திறந்துகொண்டு, “கீச்!” என்றது.

பேச்சி பாய்ந்து உள்ளே போய்ச் சிறகை விரித்துக் குஞ்சை மூடிக்கொண்டாள். பூச்சியை ஊட்டினாள், அழுதாள், ஊட்டினாள். நத்தை மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றது.

“யக்கா, நாளைக்கும் இரைக்குப் போவணுமே. நாளைக்கு என்ன சொல்லுவேன்?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் பேச்சி.

“பேர் சொல்ல வேண்டாம். சிடின்னு சொல்லி, என் ஓட்டில ஒரு சின்னக் கோடு கிழிச்சுக் காட்டு. கொண்டுவந்து விட்டுடறேன்.”

“எனக்கு மட்டுமாக்கா?”

“வீட்டுப் பேர் வாயில வராதவ நீ ஒருத்திதானா? எல்லாருக்கும்தான். ஆனா ஒரு கோடுதான் நிற்கும் தாயி. கடைசியா விட்டுவந்த இடம் மட்டும்தான். அதுக்கு முந்தினதைக் கேட்டா எனக்குத் தெரியாது.”

“அது போதும்க்கா” என்றாள் பேச்சி. “ஆனா வந்து சேர்ந்ததும் ஒருதடவை அந்தப் பேரைச் சொல்லும். சரியான வீடுதான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு உசுரு வரும்.”

“ம்” என்றது நத்தை.

அன்று முதல்தான், கறுப்புத் திரையில் எந்த இடத்துக்குப் போகச் சொன்னாலும் வாயே திறக்காமல் கொண்டுபோய் விடுகிற அந்த நத்தை, சிடி என்று இரண்டு ஆங்கில எழுத்தை அடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு சின்னக் கோடு போட்டால் மட்டும், நாம் விட்டுவந்த இடத்துக்கே திருப்பிக் கூட்டிவந்து, அந்த இடத்தின் பெயரை ஒருதடவை எழுத்துப் பிசகாமல் சொல்கிறது.