பெயர் சொல்லாத புகார்

"நான் யார் பெயரையும் சொல்லவில்லையே" என்று தொடங்குகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏன் என்று இந்த வழக்கைக் கேட்டால் தெரியும். தீர்ப்பு உங்களுடையது.

திருச்சியில் உறையூர்ப் பக்கம் ஓர் அடுக்ககம். அதன் இரண்டாம் தளத்து மதுரவாணி புனைபெயரில் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். நாத்தனாரின் குத்தல் பேச்சு, அலுவலக மேலாளரின் அற்பத்தனம், மாடிப்படியில் செருப்பை இறைத்துப் போடும் குடும்பம் என்று தெரிந்தவர்கள் மேலுள்ள குறையெல்லாம் அதில் வரும். பெயர், ஊர், உறவு மூன்றையும் மாற்றிவிடுவாள். மாற்றிவிட்டால் பாவம் ஒட்டாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த வலைப்பூ அவளுடையது என்று கட்டடத்தில் அறிந்தவள் எதிர்வீட்டு மரகதவல்லி மட்டுமே. உயிர்த்தோழி. ஒவ்வொரு பதிவையும் படித்துச் சிரிப்பாள், வெளியே மூச்சுவிட மாட்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, பிறர் பேசவும் இடம் கொடுப்பதில்லை.

கீழ்வீட்டு நிவேதாவுக்கு வளைகாப்பு நடந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டார்கள். மதுரவாணி சந்தனக் கிண்ணத்தோடு நிவேதாவின் பக்கத்தில் நின்றாள். மரகதவல்லியின் முறை வந்தது. அவள் வளையலுக்குக் கை நீட்டியபோது, நிவேதாவின் மாமியார் ருக்குமணி தட்டை அலுங்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு சொல் பேசவில்லை. பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாதென்று சிலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்களே, அதுதான்.

மரகதவல்லி நீட்டிய கையால் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"ஐயையோ, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன். வழிஞ்சுதுன்னா எங்க வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டுவாரு."

அவள் கணவர் வாய் திறந்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவள் வெளியேறிவிட்டாள். தட்டு நகர்ந்ததைக் கண்டவர்கள் இழுத்தவளும், கை நீட்டியவளும், கிண்ணம் பிடித்தவளும்தான்.

மதுரவாணிக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்தாள். கோபம் நியாயமானது, எழுத்தும் நன்றாகவே வந்தது. மாமியார் ருக்குமணியைக் கோவையிலிருந்து வந்த ஒரு சித்தியாக்கினாள். தட்டை இழுத்ததைக் கையைத் தட்டிவிட்டதாக மாற்றினாள். பாலையும் பேசாத கணவரையும் மட்டும் தொடவில்லை. அந்த வரியில்தான் பதிவுக்கே உயிர் இருக்கிறது என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

மேல்தளத்து ஷைலஜா தற்செயலாக அதைப் பார்த்தாளாம். தற்செயல் என்பதை நான் நம்பவில்லை. அடுத்த வீட்டு வம்பு என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "இந்தப் பால் கதைய எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள்.

அதன்பின் அந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. லிஃப்டில் இன்னொருத்தி ஏறினால் பேச்சு நின்றது. காப்பி கொடுத்தவள், குடிப்பவள் எதை எழுதப்போகிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். எழுதியதும் ஷைலஜாதான், குழுவில் போட்டு நாடகமாடுகிறாள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மதுரவாணி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. விசேஷத்துக்கு வந்த உறவுக்காரிகளில் எவளோ ஒருத்தி கையைத் தட்டிவிட்டிருக்கிறாள் என்று முதலில் வருத்தப்பட்டவள் யார் தெரியுமா? ருக்குமணி.

மரகதவல்லிக்குத்தான் ஒளிய இடமில்லை. ஒருத்தி டாக்டர் விலாசம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி விரதம் சொல்லிக்கொடுத்தாள். எழுதியது யார் என்று துருவியவர்களிடம், "எனக்கெப்படித் தெரியும்?" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை, எதிர்வீட்டுக்கும் போவதில்லை.

மூவரிடமும் நியாயம் இருக்கிறது. வழக்கத்தைக் காத்தேன், யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறாள் ருக்குமணி. உலகமே படிக்கும் இடத்தில் கிடந்ததைத்தான் எடுத்துக் காட்டினேன் என்கிறாள் ஷைலஜா. அநியாயத்தைக் கண்டு பொறுக்காமல் எழுதினேன், பெயர்கூடப் போடவில்லை என்று தன் மனசுக்குச் சொல்லிக்கொள்கிறாள் மதுரவாணி.

இப்போது சொல்லுங்கள். மரகதவல்லி கதவைச் சாத்திக்கொண்ட பழியில் பெரும்பங்கு யாருக்கு?

என் கணக்கில் மதுரவாணிக்கு. ருக்குமணி செய்தது கொடுமைதான். ஆனால் அதை மரகதவல்லியே ஒரு பொய்யால் மூடி, தன் மானத்தையும் நிவேதாவின் நல்ல நாளையும் காப்பாற்றிவிட்டாள். ஷைலஜா வம்புக்காரி, இருந்தாலும் அவள் எடுத்தது தெருவில் கிடந்ததை. அந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டது என்று தெரிந்தும் அதைத் தெருவில் கொண்டுபோய் வைத்தவள் மதுரவாணி. கொடுமை செய்தவளை அடையாளம் தெரியாமல் மறைத்தாள், பட்டவளை அப்படியே நிறுத்தினாள். ருக்குமணி சண்டைக்கு வருவாள், மரகதவல்லி பொறுத்துக்கொள்வாள் என்ற எண்ணம் அவள் கையை நடத்தியிருக்க வேண்டும். பின்னால் பதிவை நீக்கிவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். மரகதவல்லி திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்னியே, அந்தம்மாகிட்ட 'அவளும் ஒண்ணு போடட்டுமே'ன்னு சொல்ல உனக்கு ஏன்டி வாய் வரல?" என்று மட்டும் கேட்டாள். மதுரவாணி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வியையும் அவள் எழுதிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.