தொட்டியில் உப்புப் பார்த்தவள்

எதிர்வீட்டுக் குணசீலன் யாரையும் நம்பமாட்டார். சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டவர். அன்று காலை அவருடைய கண்ணாடித் தொட்டியில் நான்கு வண்ண மீன்களும் செத்து மிதந்தன. மன்னார் வளைகுடாப் பவளப்பாறையிலிருந்து ஆள் வைத்துப் பிடித்ததாக அவர் பீற்றிக்கொண்ட மீன்கள். அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பழி யார்மேல்? சமையல் செய்யும் மிக்கேலம்மாமேல்தான்.

“நீதான் எதையோ கலந்திருக்கே! இதுங்க மறுபடி நீந்தணும், இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்.”

“தண்ணியில கோளாறோ என்னவோ, ஐயா?”

“கடல் தண்ணி நாறுதுன்னு நேத்துதான் நானே கொட்டிட்டு மாத்தினேன். சுத்தமான ஆர்.ஓ. தண்ணி!”

பாம்பன்காரியான மிக்கேலம்மா தொட்டியில் விரலை விட்டு நக்கினாள்.

“சீ, என்ன பண்றே?”

“சமையல்காரி உப்புப் பார்க்க வேணாமா? எங்க ஊர்ப் பாறை இடுக்குல இந்த மீனுங்க வாழுற தண்ணி வாயில வைக்க முடியாம கரிக்கும். இதுல ஒரு கல் உப்புகூட இல்லியே!”

குணசீலன் தொட்டியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

மிக்கேலம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவருடைய போனை எடுத்து நீட்டினாள்.

“கூப்பிடுங்க ஐயா. தண்ணியை மாத்தினது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க.”