பன்னிரண்டாம் கட்டில்

ஹெப்சிபாவிடம் பேச்சியம்மாள் ஒரு கேள்வி கேட்டார். இனி இங்கே நடப்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான். பதில் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஹெப்சிபா, அரசு மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது இருபத்தொன்பது. பேச்சியம்மாள் அவருடைய மாணவி. வயது முப்பத்து நான்கு. கணவர் இறந்த பிறகு அதே மருத்துவமனையில் எட்டு வருடம் வார்டு ஆயாவாக இருந்தவர். பிடிவாதமாகப் பிளஸ் டூ எழுதித் தேறி, பள்ளியில் சேர்ந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் அக்கா. ஆசிரியைக்கும் அவரை ‘நீ’ என்று சொல்ல வாய் வராது.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆசிரியையின் அறைக்கு வந்தார். சாதாரணச் சேலை கட்டியிருந்தார். தேய்த்து மடித்த இரண்டு வெள்ளைச் சீருடைகளை மேசைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“இனி எனக்கு வேண்டாம் மேடம்.”

“மேட்ரன் என்ன சொன்னாங்க?”

“ரெண்டு வாரம் வார்டுப் பக்கம் வராண்டாம், பொறவு எப்பவும்போல வரலாம்னு சொன்னாக.”

“அப்ப வாங்க.”

“அவுக சொல்லிட்டா ஆச்சா? நீங்க சொல்லுங்க மேடம். இந்தக் கை இனிமே ஊசி பிடிக்கலாமா?”

ஹெப்சிபா அந்தக் கையைப் பார்த்தார்.

சில நாட்களுக்கு முன் நடந்தது இதுதான்.

பெண்கள் வார்டில் பன்னிரண்டாம் கட்டிலில் சொர்ணம் என்று ஒரு சர்க்கரை நோயாளி. தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். பக்கத்தில் பதினொன்றாம் கட்டிலில் ஆவுடையம்மாள். பீடி சுற்றுகிறவர், ஐம்பது வயது. அன்று அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்காக முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறி சுற்றவில்லை. வேர்த்துக் கொட்டியது. சொர்ணம் பார்த்தார். “யக்கா, நீங்க இங்க வந்து படுங்க, எனக்குக் காத்து வேண்டாம்” என்றார். இருவரும் பொழுது விடிந்ததும் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். துணி மூட்டை மாறியது, தண்ணீர் பாட்டில் மாறியது. பெயரும் மருந்தும் எழுதிய கேஸ் ஷீட் மட்டும் கட்டிலோடு தங்கிவிட்டது.

அந்த வார்டில் ஒரு வழக்கம். நோயாளிகள் அதிகம், ஆட்கள் குறைவு. அதனால் ஒருவர் உட்கார்ந்து எல்லா ஊசியிலும் மருந்தை ஏற்றி, பிளாஸ்திரித் துண்டில் கட்டில் எண்ணை எழுதி ஒட்டி, தட்டில் வரிசையாக வைத்துவிடுவார். இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். புத்தகத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று இருக்கிறது. புத்தகம் எழுதியவருக்கு அந்த வார்டில் ஒரு வாரம் டியூட்டி போட்டுப் பார்க்க வேண்டும்.

“பன்னெண்டுக்குப் போட்டுட்டு வாங்கக்கா,” என்றாள் மருந்து ஏற்றி வைத்த மாணவி ஒருத்தி. பேச்சியம்மாள் போனார். கேஸ் ஷீட்டைப் படித்தார். சொர்ணம், இன்சுலின், அளவு, எல்லாம் பொருந்தியது.

“சொர்ணம்தானே?” என்று கேட்டார்.

“ஆமா தாயி,” என்றார் ஆவுடையம்மாள்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர் பேச்சியம்மாள். அன்று காலையும் ஐந்தில் நான்கு சரியாகத்தான் இருந்தன.

ஒன்பதரை மணிக்குப் பதினொன்றாம் கட்டிலிலிருந்து சொர்ணம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தாயி, எனக்கு இன்னைக்கு ஊசி இல்லையா?”

பேச்சியம்மாள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். ஆவுடையம்மாள் தூங்குகிறார் என்றுதான் இரண்டு மணி நேரமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லென்று நனைந்திருந்தது.

அவர் மறைக்கவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். “நான் ஆளு மாத்திப் போட்டுட்டேன், ஓடி வாங்க, ஓடி வாங்க” என்று வார்டே அதிரக் கத்தினார். வந்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆவுடையம்மாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை இறந்துபோனார்.

ஹெப்சிபா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“என்கூட வாங்க.”

மாடியில் எலும்பு முறிவு வார்டு. பேச்சியம்மாளை வாசலில் நிறுத்திவிட்டு ஹெப்சிபா உள்ளே போய் டியூட்டி சிஸ்டரிடம் ஏதோ பேசினார். அந்த சிஸ்டர் போன வாரம்தான் மாறுதலில் வந்தவர், பேச்சியம்மாளைத் தெரியாது. பிறகு ஹெப்சிபா ஒரு காலிக் கட்டிலைக் காட்டினார்.

“படுங்க.”

“நானா? எதுக்கு மேடம்?”

“படுங்க.”

படுத்தார். ஹெப்சிபா வெளியே போய்விட்டார்.

எட்டு வருடம் அந்த மருத்துவமனையின் தரையெல்லாம் துடைத்தவர் பேச்சியம்மாள். அதன் கூரையை அன்றுதான் பார்த்தார். ஒட்டடை தொங்கியது. கடந்து போகிறவர்கள் எல்லோரும் உயரமாக இருந்தார்கள். எவரும் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஆயா துடைப்பத்தோடு வந்தாள். புதிய ஆள்.

“காலை மடக்கு. ரோட்டுல கெடக்க மாதிரி நீட்டிக்கிட்டு.”

பேச்சியம்மாள் காலை மடக்கிக்கொண்டார். ஏன் மடக்கினோம் என்று அவருக்கே புரியவில்லை. அந்தக் கால் கட்டிலுக்குள்தான் இருந்தது.

அரை மணி ஆயிற்று. வெள்ளை உடையில் டியூட்டி சிஸ்டர் வந்தார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. முகத்தில் அவசரம்.

“நேத்து சாயந்தரம் வந்ததுதானே?”

“ஆமா.”

“தங்கபுஷ்பம்தானே?”

“ஆமா.”

“கையை நீட்டு.”

நீட்டினார். பட்டை இறுகியது, தளர்ந்தது. சிஸ்டர் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். கை நீட்டினபடியே கிடந்தது.

பிறகுதான் பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டு போட்டிருந்த பெண், “என்னம்மா, குமட்டுதா?” என்று கேட்டாள்.

ஹெப்சிபா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

“ஆமான்னு சொல்லிட்டேன் மேடம்.”

“எதுக்கு?”

“தங்கபுஷ்பம்தானேன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.”

“அந்தப் பேரை சிஸ்டர்கிட்ட குடுத்தது நான்தான். நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க?”

பேச்சியம்மாள் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவ நின்னுக்கிட்டு இருந்தா மேடம். நான் படுத்துக் கெடந்தேன்.”

“வேற காரணம் இல்லையா?”

“இல்ல. இல்லன்னு சொன்னா வைவாளோன்னு இருந்துச்சு. அவ கேட்டா சரியாத்தான் இருக்கும்னு இருந்துச்சு. ரெண்டும் சேந்து இருந்துச்சு.”

“கையில ஊசி வச்சிருந்தா?”

“அப்பவும் நீட்டியிருப்பேன்.”

படியில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பேச்சியம்மாள் சுவரோடு ஒண்டிக்கொண்டார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னொன்னு இருக்கு மேடம்.”

“சொல்லுங்க.”

“எட்டு வருஷம் நான் ஆயாவா இருந்தேன்லா. புதுசா யாராவது வந்து படுத்தா நான்தான் மொதல்ல போயிச் சொல்லுவேன். சிஸ்டர் வந்து கேட்டா ஆமான்னு சொல்லு, வாயாடாத, எதுத்துக் கேள்வி கேட்டா அவுகளுக்குக் கோவம் வரும்னு. நல்லதுக்குச் சொல்லுதோம்னுதான் நெனச்சேன். எம்புட்டு பேருக்குச் சொல்லியிருப்பேன்.”

“ஆவுடையம்மாவுக்கு?”

“அவுகளுக்கு நான் சொல்லல. அவுக வந்தப்ப நான் சீருடையில இருந்தேன். வேற யாராவது சொல்லியிருப்பாக. யாரும் சொல்லலன்னாலும் வார்டுல ரெண்டு நாளு கெடந்தா தானா வந்திரும்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆசிரியை தோளில் கை வைத்து, அது உங்கள் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஹெப்சிபா சொல்லவில்லை. அது பொய் என்பது இருவருக்குமே தெரியும்.

“அன்னைக்கு உங்க பக்கத்துல நின்னிருக்க வேண்டியது நான்,” என்றார். “மாணவி இன்சுலின் போட்டா ஆசிரியை கூட நிக்கணும். நான் அந்தக் கடைசியில இன்னொரு பொண்ணுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். தட்டுல ஊசி வரிசையா இருந்ததையும் பாத்தேன். தினமும் பாக்கறதுதானேன்னு விட்டுட்டேன்.”

“மேட்ரன்கிட்ட சொன்னீங்களா?”

“எழுதியே குடுத்தேன். என் பேரைத்தான் மொதல்ல எழுதினேன்.”

“என்ன சொன்னாக?”

“வாங்கி ஃபைல்ல வச்சாங்க.”

பேச்சியம்மாள் தலையை முட்டுக்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“இனிமே நான் ஒழுங்காக் கேப்பேன் மேடம். உங்க பேரு என்னன்னு அவுக வாயாலயே சொல்ல வைப்பேன். நான் ஏத்துன மருந்தைத்தான் நான் போடுவேன். எல்லாம் செய்வேன். செஞ்சு என்னத்துக்கு? ஆவுடையக்கா போயிட்டாகளே.”

“போயிட்டாங்க.”

“அவுக மக முப்பிடாதி, உடம்பை வாங்கிட்டுப் போறப்ப என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டா. மூணு நாளும் வீட்டுக்குப் போவாம எங்கம்மா கூடவே இருந்தீகளே, பெத்த மக நான்கூட அப்படி இருக்கலன்னு சொன்னா. இந்தக் கைதான் மேடம். இந்தக் கையைப் பிடிச்சிக்கிட்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“டாக்டர் அவகிட்ட என்ன சொன்னாரு?”

“சர்க்கரை திடீர்னு எறங்கிட்டு, எங்களால முடிஞ்சதப் பாத்தோம், புரிஞ்சுதான்னு கேட்டாரு.”

“அவ?”

பேச்சியம்மாள் நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தார்.

“சரிங்கய்யான்னு சொன்னா. காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டா.”

“நீங்க எங்க நின்னீங்க?”

“அவ பக்கத்துல.”

“நான் டாக்டர் பக்கத்துல நின்னேன்,” என்றார் ஹெப்சிபா. “நானும் ஒண்ணும் சொல்லல.”

கீழே மருந்து வாங்குகிற இடத்தில் யாரையோ யாரோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினார்கள். பேச்சியம்மாள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். போவதா நிற்பதா என்று தெரியாமல் படியின் கைப்பிடியைப் பிடித்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல மேடம். இந்தக் கை இனிமே ஊசி பிடிக்கலாமா, கூடாதா?”

“அதை மேட்ரன் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. முப்பிடாதிதான் சொல்லணும்.”

“அவளுக்கு என்ன நடந்துச்சின்னே தெரியாதே.”

“தெரியாது. நாளைக்கு அவ ஊருக்குப் போறேன். என்னைப் பத்தியும் அவதான் சொல்லணும். நீங்களும் வாங்க.”

பேச்சியம்மாள் கைப்பிடியை விடவில்லை.

“போயி எல்லாத்தையும் சொல்லி, அவ கூடாதுன்னு சொல்லிட்டா?”

“அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் கூடாது,” என்றார் ஹெப்சிபா.